தங்கத் துகளும் நடுராத்திரி இரத்தமும்

ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்கு இரத்தம் எடுக்க வருகிறவர்கள் இராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஊருக்குள் வருவார்கள். கையில் டார்ச் லைட், கண்ணாடி ஸ்லைடுகள், ஊசி, பஞ்சு. தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பி, விரல் நுனியில் குத்தி, சில சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். தென்னாற்காடு ஜில்லாவில் கொசுவும் யானைக்காலும் சகஜமாக இருந்த ஊர்களுக்கு இது புதிதல்ல. பகலில் காடு கழனியில் வேலை செய்துவிட்டு வந்து படுத்தவர்களை நடுராத்திரியில் எழுப்பினால் எப்படி இருக்கும்? கதவைத் திறக்காதவர்களும் உண்டு, திட்டி அனுப்பியவர்களும் உண்டு.

வேளைகெட்ட வேளையில் ஏன் வரவேண்டும்? அதற்குக் காரணம் ஒரு புழுவின் பழக்கம். அந்தப் பழக்கத்தில் இருந்து மனிதர்களை விடுவித்தது, யாரும் எதிர்பார்க்காத ஒரு பொருள்: தங்கம். அதுவும் நகைக்கடைத் தங்கம் அல்ல, கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக இருக்கும் தங்கம். அது எப்படி என்று பார்ப்போம்.

புழுவின் கதை

யானைக்கால் நோய்க்குக் காரணம் உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற நூல் போன்ற புழு. ஆண் புழுவும் பெண் புழுவும் மனித உடலின் நிணநீர்க் குழாய்களுக்குள் ஐந்தாறு வருடம் குடித்தனம் நடத்துகின்றன. பெண் புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளைப் போடும். அவற்றுக்கு மைக்ரோஃபைலேரியா என்று பெயர். இந்தக் குஞ்சுகள் இரத்தத்தில் மிதக்கும். கொசு கடிக்கும்போது அதன் வயிற்றுக்குள் போய், சில நாட்கள் வளர்ந்து, அடுத்த ஆளைக் கடிக்கும்போது அவர் உடம்புக்குள் இறங்கிவிடும். நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்வது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளரும் க்யூலெக்ஸ் கொசு.

மனித இரத்தத்தில் இந்தக் குஞ்சுகளை முதலில் பார்த்தவர் டிமோதி லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். பார்த்த இடம் கல்கத்தா, வருடம் 1872. ஐந்து வருடம் கழித்து 1877இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் வேலை பார்த்த பேட்ரிக் மேன்சன், கொசுவின் வயிற்றில் இவை வளர்வதைக் கண்டுபிடித்தார். பூச்சி ஒன்று மனித நோய்க் கிருமியை வளர்க்கிறது என்று உலகம் அறிந்தது அப்போதுதான். மலேரியாவுக்கு ரொனால்ட் ராஸ் செய்தது இதற்குப் பிறகு இருபது வருடம் கழித்து. (ஆனால் மேன்சன் ஒரு இடத்தில் சறுக்கினார். கொசு தண்ணீரில் செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று நினைத்தார். கொசுவின் கடி வழியாகவே புழு இறங்குகிறது என்பது 1900இல்தான் தெளிவானது.)

மேன்சன் கண்டுபிடித்த இன்னொரு விஷயம்தான் நம் கதைக்கு முக்கியம். ஒரே ஆளின் இரத்தத்தைப் பகலிலும் இரவிலும் மணிக்கணக்கு வைத்துப் பார்க்கச் செய்தார். பகலில் குஞ்சுகளைக் காணவே காணோம். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாக வந்து, நள்ளிரவை ஒட்டி இரத்தம் முழுக்க நெளிந்தன. விடிந்தால் மறுபடி மறைந்துவிட்டன. பகலில் அவை நுரையீரலின் இரத்தக் குழாய்களில் ஒதுங்கிக்கொள்கின்றன. க்யூலெக்ஸ் கொசு கடிப்பது இரவில் என்பதால் புழுவும் தன் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு கெட்டிக்காரப் புழு பாருங்கள்!

ஆகவே பகலில் எடுத்த இரத்தம் வீண். இராத்திரி 10 மணி முதல் 2 மணிக்குள் எடுத்தால்தான் நோய் தெரியும். 1955இல் இந்திய அரசு தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் இதே முறைதான். எடுத்த இரத்தத்தை ஸ்லைடில் காயவைத்து, நீரில் சிவப்பணுக்களைக் கழுவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒருவர் உட்கார்ந்து எண்ணவேண்டும். டி.இ.சி. மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு அரைமணி, முக்கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் பகலிலும் குஞ்சுகள் கொஞ்சம் வெளியே வரும் என்று ஒரு குறுக்கு வழியும் இருந்தது. அது பரவலாக எடுபடவில்லை.

இதில் இன்னொரு கஷ்டம். உடம்பில் பெரிய புழு உயிரோடு இருந்தும் இரத்தத்தில் குஞ்சுகள் குறைவாக இருக்கலாம். எடுத்த சொட்டில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். ஸ்லைடு சுத்தமாக இருந்தால் ஆள் சுத்தம் என்று அர்த்தமில்லை.

சிவப்பு நிறத் தங்கம்

இப்போது கதையைக் கொஞ்சம் லண்டனுக்குக் கொண்டுபோவோம். மின்சாரத்துக்குப் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடே 1850களில் தங்கத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். தங்க உப்பின் கரைசலைப் பாஸ்பரஸால் வினைப்படுத்தியபோது அவருக்கு மஞ்சள் தங்கம் கிடைக்கவில்லை, மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம் கிடைத்தது. அதில் தங்கம் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது, துகளின் அளவு மாறினால் நிறமும் மாறுகிறது என்று 1857இல் அவர் எடுத்துச் சொன்னார். அவர் தயாரித்த குப்பிகள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் இருக்கின்றன. சிவப்பும் மாறவில்லை.

மஞ்சள் தங்கம் ஏன் சிவப்பாகிறது? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக வெட்டினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். இருபது முதல் நாற்பது நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகளில் உள்ள எலக்ட்ரான்கள், வெளிச்சம் பட்டதும் ஒன்றாகச் சேர்ந்து அசைகின்றன, தொட்டில் ஆடுவது போல. அந்த ஆட்டத்துக்குப் பொருந்துவது பச்சை ஒளி. துகள் பச்சையை விழுங்கிவிடுகிறது, மிச்சம் உள்ள சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கும்பலானால் நிறம் நீலத்துக்குப் போய்விடும். சாயத்தைப் போல வெயிலில் வெளிறாது. அதோடு மிகக் குறைந்த அளவே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அடர்த்தியான நிறம். (சித்த மருத்துவத்தின் தங்க பஸ்பமும் நானோதான் என்று சிலர் வாதிடுவார்கள். அது தனி விவாதம், இங்கே வேண்டாம்.)

இந்த நிறமாற்றத்தை நோய் கண்டறிய முதலில் பயன்படுத்தியவர் ஜெர்மனியின் கார்ல் லாங்கே. 1912இல், முதுகுத்தண்டு நீரைப் பல அளவில் நீர்த்து, சிவப்புத் தங்கக் கரைசலில் கலந்து, எந்தக் குழாயில் சிவப்பு போய் நீலம் வருகிறது என்று பார்த்தார். மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ் நோய்க்கு இது ஒரு சோதனை. நானோ தொழில்நுட்பம் என்றதும் இப்போது வந்த சமாசாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தங்க நானோ துகளை வைத்துச் செய்த மருத்துவச் சோதனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அன்று அதற்கு நானோ என்று பெயர் இல்லை, கூழ்மத் தங்கம் என்றார்கள். இந்தத் துகள்களை ஆராய்ந்ததற்காகவே ரிச்சர்ட் சிக்மாண்டிக்கு 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் கிடைத்தது.

லாங்கேயின் சோதனையில் ஒரு குறை. அது எந்த நோய் என்று துல்லியமாகச் சொல்லாது. தங்கத்துக்குக் கண் இருக்கிறது, அறிவு இல்லை. அந்த அறிவைக் கொடுத்தது ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். ஒரு ஆன்டிபாடி தனக்கென்று உள்ள ஒரே பொருளை மட்டும் பிடிக்கும், பூட்டுக்கு ஏற்ற சாவி போல. 1971இல் ஃபாக், டெய்லர் இருவரும் தங்கத் துகளின் மேல் ஆன்டிபாடியை ஒட்டவைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறையைக் காட்டினார்கள். 1980இல் நெதர்லாந்தில் லூவெரிங்கும் அவரது குழுவினரும் தங்கத் துகளை வைத்து கர்ப்ப ஹார்மோனைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்தார்கள். தங்கம் தயாரிப்பதும் எளிது. தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து சிட்ரேட் என்ற உப்பை ஊற்றினால் சில நிமிடங்களில் ஒயின் நிறத்துக்கு வந்துவிடும். சிட்ரேட்டைக் கூட்டிக் குறைத்தால் துகளின் அளவும் மாறும்.

அட்டை வேலை செய்யும் விதம்

மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல ஒரு தாள் திரவத்தை இழுத்துக்கொண்டு போகும். வழியில் காய்ந்து கிடக்கும் தங்கத் துகள்கள் திரவத்தில் கலந்து கூடவே போகும். ஒவ்வொரு துகளின் மேலும் ஆன்டிபாடி. தேடும் பொருள் இருந்தால் துகள் அதைப் பிடித்துக்கொள்ளும். தாளின் நடுவே ஒரு கோட்டில் இன்னொரு ஆன்டிபாடி காத்திருக்கும், அது அதே பொருளின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்தும். ஆயிரக்கணக்கான துகள்கள் அந்தக் கோட்டில் வந்து நெரிந்து நின்றால் இளஞ்சிவப்புக் கோடு தெரியும். பொருள் இல்லை என்றால் துகள்கள் நிற்காமல் போய்விடும். அதற்கடுத்து உள்ள இரண்டாவது கோடு, அட்டை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டுவதற்கு. 2020இல் கொரோனா நேரத்தில் ஊரெல்லாம் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த அட்டைகளிலும் இதே தத்துவம்தான். ஒரு அட்டையில் இருக்கும் தங்கத்தை விற்று யாரும் பணக்காரராக முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும் :-)

யானைக்காலுக்கு இந்த அட்டை வந்தது 1997இல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி வெய்ல், புழு வெளியிடும் ஒரு ஆன்டிஜெனைப் பிடிக்கும் ஏ.டி.12 என்ற ஆன்டிபாடியைக் கையில் வைத்திருந்தார். ஆஸ்திரேலியாவின் அம்ராட் ஐ.சி.டி. நிறுவனம் அதைத் தங்கத் துகளோடு சேர்த்து அட்டையாக்கியது. நூறு மைக்ரோலிட்டர் இரத்தம், அதாவது சில சொட்டு போதும். மைக்ராஸ்கோப் வேண்டாம், கரண்டு வேண்டாம், பத்து நிமிடத்தில் முடிவு.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது: அந்த ஆன்டிஜெனை விடுவது பெரிய புழு. குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும், ஆனால் தாய்ப் புழுவின் கசிவு இராப்பகல் பார்க்காமல் இரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். காலை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துச் சோதிக்கலாம். மேன்சன் காலத்தில் இருந்து நூறு வருடத்துக்கு மேல் புழு சொன்ன நேரத்துக்கு மனிதன் கண் விழித்துக்கொண்டிருந்தான். அது முடிவுக்கு வந்தது.

விழுப்புரம் மாவட்டத்தில்

இதே 1990களில் விழுப்புரம் மாவட்டம் யானைக்கால் ஆராய்ச்சியில் ஒரு முக்கியமான இடமாக இருந்தது. 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட பூச்சியியல் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் மாவட்டத்தின் கிராமங்களில் டி.இ.சி. அல்லது ஐவர்மெக்டின் மாத்திரையை ஆண்டுக்கு ஒரு வேளை ஊர் முழுவதற்கும் கொடுத்துப் பார்த்தது. திருவாமாத்தூரில் இருந்து மேற்கே போனால் வரும் திருக்கோவிலூர் வட்டாரத்தில் (அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம்) மதுரை மையத்தின் விஞ்ஞானிகள் வேறொரு கேள்வியோடு இறங்கினார்கள். மாத்திரை மட்டும் போதுமா, கொசுவையும் கட்டுப்படுத்த வேண்டுமா? சில ஊர்களில் மாத்திரை மட்டும். சில ஊர்களில் மாத்திரையோடு, தேங்கும் நீரில் தெர்மோகோல் மணிகளைத் தூவி கொசு முட்டையிடாமல் மூடுவதும், கொசுப் புழுவைத் தின்னும் மீன்களை விடுவதும்.

2007இல் வெளியான அவர்களுடைய முடிவு யோசிக்க வைப்பது. மாத்திரை கொடுக்காத இடைவெளி வருடங்களிலும், கொசுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில்தான் நோய்ப் பரவல் குறைந்த நிலையிலேயே நின்றது. அவர்கள் கொசுக்களை அறுத்துப் பார்த்ததோடு நிற்காமல், மக்களின் இரத்தத்தில் புழுவின் ஆன்டிஜென் குறைகிறதா என்றும் பார்த்தார்கள். குஞ்சை எண்ணுவதில் இருந்து தாய்ப் புழுவின் தடயத்தை எண்ணுவதற்கு ஆராய்ச்சி மாறிக்கொண்டிருந்த காலம் அது.

அரசாங்கமும் 1996-97இல் நாட்டின் 13 மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை ஊர் முழுக்க டி.இ.சி. கொடுப்பதைச் சோதனை முறையில் ஆரம்பித்து, 2004இல் நாடு முழுவதும் விரிவாக்கியது. நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும். இங்கேதான் பழைய சிக்கல் ஒன்று. மாத்திரையை வாங்கிக்கொள்வது வேறு, விழுங்குவது வேறு. "எனக்கென்ன யானைக்காலா இருக்கு?" என்று ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறந்தவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகளிலேயே, கொடுத்த அளவுக்கும் சாப்பிட்ட அளவுக்கும் நல்ல இடைவெளி தெரிந்தது. திருவாமாத்தூர் கோயிலின் வட்டப்பாறை முன் நின்று பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. மாத்திரை சாப்பிட்டேன் என்று சொல்கிற ஒவ்வொருவரையும் வட்டப்பாறைக்கு அழைத்துப்போக முடியுமா? ஊர் நிஜமாகவே மாத்திரை சாப்பிட்டதா, பரவல் நின்றதா என்று சொல்ல வேறொரு சாட்சி வேண்டியிருந்தது.

அந்தச் சாட்சி ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள். 2011இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு விதி வகுத்தது. குறைந்தது ஐந்து வருடம் மாத்திரை கொடுத்த பிறகு, ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளைத் தங்க அட்டையால் சோதிக்க வேண்டும். இவர்கள் மாத்திரைத் திட்டம் நடந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பெரியவர்களின் பரவல் நின்றிருந்தால் இவர்களுக்குப் புழு வந்திருக்கவே கூடாது. ஒரு பகுதியில் 1,692 குழந்தைகளைச் சோதித்தால், க்யூலெக்ஸ் கொசு உள்ள இடங்களில் 20 பேர் வரை சிவப்புக் கோடு இருந்தால் பாஸ், மாத்திரையை நிறுத்தலாம். 21ஆவது கோடு தெரிந்தால் மொத்தப் பகுதியும் ஃபெயில், மறுபடி வருடக்கணக்கில் மாத்திரை. பாஸ் ஆனாலும் சில வருட இடைவெளியில் இன்னும் இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

லட்சக்கணக்கான பேர் மாத்திரை சாப்பிடுவதா வேண்டாமா என்பதை ஒரு தாளில் தங்கத் துகள் நிற்கிறதா என்பது முடிவு செய்கிறது. ஆகவே அந்தக் கோட்டைப் பார்க்கும் கண் ரொம்ப முக்கியம். பழைய அட்டையில் இதுதான் தகராறு. பத்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும். வரிசையில் குழந்தைகள் அதிகம் என்று இருபது, முப்பது நிமிடம் கழித்துப் பார்த்தால், இல்லாத கோடும் மங்கலாக எட்டிப் பார்க்கும். அந்த மங்கல் கோட்டை எண்ணுவதா விடுவதா? கடிகாரம் பார்க்காத ஒரு ஊழியரால் ஒரு பகுதியே தோற்றுப்போகலாம். இல்லை, நிஜமான மங்கல் கோட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால், நோய் இருக்கும்போதே மாத்திரை நின்றுபோகலாம். இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அந்தத் தவறு பல வருடம் கழித்துதான் தெரியவரும். 2013இல் இதே ஆன்டிஜெனுக்கு, 75 மைக்ரோலிட்டர் இரத்தம் போதும் என்ற புதிய பட்டை வந்தது. பழைய அட்டையை விட அதிகம் கண்டுபிடித்தது, அதிக நாள் கெடாமல் இருந்தது. ஆனால் அதுவும் பத்து நிமிடம்தான், கடிகாரம் இன்னும் அவசியம்தான்.

தங்கம் சொல்லாதவை

தங்க அட்டைக்கு எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேரளத்தின் சேர்த்தலைப் பக்கம் இருந்த ப்ரூஜியா மலாயி என்ற வேறு வகைப் புழுவை இது பிடிக்காது. அதற்கு வேறு ஆன்டிபாடிச் சோதனை. மாத்திரை சாப்பிட்டுக் குஞ்சுகள் செத்த பிறகும், தாய்ப் புழு பிழைத்திருந்தால் அட்டையில் கோடு நீண்ட காலம் வந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர் அடுத்தவருக்கு நோயைப் பரப்பாமலும் இருக்கலாம். இராத்திரி இரத்தமும் முழுசாக ஒழியவில்லை. குழந்தைகளைச் சோதிக்கும் கட்டத்துக்கு ஒரு பகுதி தகுதியானதா என்று முடிவு செய்ய, சில இடங்களில் இரவில் இரத்தம் எடுத்துக் குஞ்சுகள் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது தொடர்ந்தது.

இருந்தும் பலன் கண்முன் இருக்கிறது. பக்கத்து இலங்கையில் யானைக்கால் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இந்தியா 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது.

எல்லாவற்றிலும் வேடிக்கை என்றா சொல்வது, வேதனை என்றா சொல்வது என்று தெரியாத ஒன்று உண்டு. கால் வீங்கி, தோல் தடித்து, செருப்பே போட முடியாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் இரத்தத்தைச் சோதித்தால், பல நேரம் கோடு விழாது. இராத்திரி ஸ்லைடிலும் குஞ்சு கிடைக்காது. புழு எப்போதோ செத்திருக்கும், அது கெடுத்த நிணநீர்க் குழாய் மட்டும் மிச்சம். சோதனைக் கணக்கில் அவர் நெகடிவ். மாத்திரையால் அவர் கால் வற்றாது. அவருக்கு வேண்டியது தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் வைத்துக் காலைக் கழுவுவது, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைப்பது, புண்ணுக்கு உடனே மருந்து போடுவது, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது. இதைச் செய்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும், வீக்கம் மேலும் ஏறாது.